பட்டையைச் சுரண்டிய மறுநாள்

முதல் லாரி அதன்மேல் ஏறியபோது வீடு இடிந்து விழுகிறது என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த டீயை மடியில் கொட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். டர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். தரைப்பலகை நடுங்கியது, அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன, கீழே கண்ணாடிக்கடையில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடின. மூச்சு விடுவதற்குள் அடுத்த லாரி வந்துவிட்டது.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள்வரை வழுவழுவென்று கருப்பாகக் கிடந்த ரோட்டில், எங்கள் வாசலுக்கு நேராக, விரல் தடிமனுக்கு வெள்ளைப் பட்டைகள் வரிவரியாகக் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டைத் தாண்டியதும் ரோடு சட்டென்று வளையும். அந்த வளைவில் ஒரு வேன் சுவரில் மோதியதிலிருந்து வேகத்தைக் குறைக்க ஏதாவது செய்யுங்கள் என்று தெருவே மனு எழுதிக் கொடுத்திருந்தது. அதற்குக் கிடைத்த பரிசு இது. சக்கரம் பட்டையில் ஏறினால் வண்டி அதிரும், தூங்கி வழிகிற டிரைவர் விழித்துக்கொள்வார் என்பது கணக்கு. டிரைவர் விழித்தாரோ இல்லையோ, தெரு விழித்துக்கொண்டது. அதன்பிறகு அது தூங்கவே இல்லை.

கார்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாரம் ஏற்றிய லாரியையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம். சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லாரி இருக்கிறதே, அதுதான் எமன். அதன் கதவு, சங்கிலி, பின்பலகை எல்லாம் சேர்ந்து ஆடும். அந்த அதிர்ச்சி சுவர் வழியாக ஏறி நம் பல் இடுக்குவரை வந்து சேரும்.

எங்கள் வீடு மாடியில். பழைய கட்டடம், கீழே கல் சுவர், மேலே மரப்பலகைத் தரை. ஒருவர் நடந்தால் இன்னொருவரின் நாற்காலி ஆடும். கீழே கண்ணாடிக்கடை வைத்திருப்பவர்தான் வீட்டுச் சொந்தக்காரரும். என் நடை அவருக்கு ஆகவே ஆகாது. நான் கொஞ்சம் கனத்த உடம்பு, நடை அதைவிடக் கனம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நாலு தடவை போய்வந்தால் போதும், ஒட்டடைக் கழியை எடுத்துக் கூரையில் டொக் டொக் என்று இடிப்பார்.

"ஏம்மா, மேல யானை எதுவும் கட்டியிருக்கீங்களா?"

"ஆமாங்க, கட்டியிருக்கோம். பார்க்க வர்றீங்களா?" என்று நானும் விடுவதில்லை.

குரலும் எனக்கு அப்படித்தான். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாளெல்லாம் மைக்கில் சொல்ல வேண்டும். ஒருமுறை மைக் கெட்டுப்போனபோது கூண்டை விட்டு வெளியே வந்து நின்று வாயாலேயே சொன்னேன். மைக் கெட்டது யாருக்கும் தெரியவில்லை என்று டிப்போவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

என் தங்கை எனக்கு நேரெதிர். அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் காதைக் கொண்டுபோய் அவள் வாயருகே வைக்க வேண்டும். நடந்தால் பூனை. பட்டை போடுவதற்குச் சில நாள் முன்புதான் பிரசவமாகி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. பிறந்ததிலிருந்தே புருவத்தைச் சுருக்கி, 'என்ன, வேலையெல்லாம் முடிந்ததா?' என்பதுபோல் எல்லோரையும் பார்த்ததால் நான் அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தங்கையின் கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர். மனிதர் பகலில்தான் கண்ணை மூட வேண்டும். ஆக, நன்றாகத் தூங்கியே தீர வேண்டிய மூன்று ஜீவன்கள் இருந்த வீட்டின் முன்னால்தான் அந்தப் பட்டையைப் போட்டார்கள்.

லாரி போகும்போதெல்லாம் மேனேஜர் தூக்கத்தில் எகிறுவாள். இரண்டு கையையும் விரித்து, எதையோ பிடிக்கப் போவதுபோல் ஆகாயத்தில் துழாவி, பிறகு உதட்டைப் பிதுக்கி அழுவாள். தங்கை தூக்கித் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்துப் பாயில் கிடத்துவாள். அடுத்த லாரி வரும். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது, பால் குறைந்தது, நின்றபடியே தூங்க ஆரம்பித்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தார். குழந்தை பிறந்த அன்று காது பார்க்கும் மெஷின் ரிப்பேராக இருந்ததாம், இப்போது சரியாகிவிட்டதாம், கூட்டி வந்து காட்டச் சொன்னார். தங்கை போனைக் காதில் வைத்திருக்கும்போதே ஒரு வெறும் லாரி பட்டையில் ஏறியது. பாயில் கிடந்த மேனேஜர் முழங்கால் உயரத்துக்குத் துள்ளினாள் என்றே சொல்லலாம். உள்ளே படுத்திருந்த தங்கையின் கணவர் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து வந்து போனை வாங்கினார்.

"சிஸ்டர், எங்க பொண்ணு காதைப் பத்திக் கவலையே படாதீங்க. உங்களால முடிஞ்சா அந்த லாரியை நிறுத்துங்க, புண்ணியமா போகும்."

"சத்தத்துக்குத் திடுக்கிடுதா குழந்தை?"

"திடுக்கிடுதாவா? எகிறிக் குதிக்குது!"

நர்ஸும் சிரித்துவிட்டார். அப்படியென்றால் அவசரமில்லை, முடிந்தபோது ஒருநாள் வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தூக்கமில்லாத வீட்டில் சிரிப்பு சுலபமாக வந்துவிடுகிறது. அந்த 'முடிந்தபோது' வரவே இல்லை.

மேனேஜர் வளர்ந்தாள். குப்புற விழுந்தாள், தவழ முயன்றாள், பிடித்துக்கொள்ளாமல் உட்காரப் பழகினாள். அழுகை குறைந்து, லாரி வந்தால் திடுக்கிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பது என்று ஆகிவிட்டது. என்னிடம் அவளுக்கு ஒரு தனி ஒட்டுதல் இருந்தது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து, "மேனேஜர்! ஆபீஸ்ல எல்லாம் ஒழுங்கா நடக்குதா?" என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் நுழைவேன். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் சட்டென்று திரும்பி, பல்லில்லாத வாயைத் திறந்து சிரிப்பாள். என் குரல் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று டிப்போ முழுக்கப் பெருமை அடித்தேன்.

தங்கை கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். பின்னாலிருந்து எத்தனை தடவை கொஞ்சினாலும் கையிலிருப்பதைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தங்கை முன்னால் வந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் சிரிப்பு வரும்.

"பெத்தது நான். திரும்புறது உன்னைப் பார்த்து" என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடி போடி, நீ கூப்பிடுறது உனக்கே கேக்காது, அவளுக்கு எப்படிக் கேக்கும்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பிள்ளை தன்னிடம் ஒட்டவில்லை என்ற வருத்தம் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. தூக்கமில்லாமல் சிடுசிடுக்கிறேன், அதனால்தான் குழந்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று கணவரிடம் அழுதிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பட்டைதான் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

சாலை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேகத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் குடுத்ததே நீங்கதானேம்மா?"

"வேகத்தைத்தான் சார் குறைக்கச் சொன்னோம். உயிரை வாங்கச் சொல்லல."

"இது பாதுகாப்புக்காகப் போட்டது."

"அப்படீன்னா உங்க வீட்டு வாசல்ல போட்டுக்குங்க, பாதுகாப்பா இருங்க" என்று என் நடைமேடைக் குரலில் சொன்னேன். அடுத்த அறையிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். விட்டேனா? தெருவில் வீடு வீடாக ஏறி ஆள் சேர்த்தேன். கண்ணாடிக்கடைக்காரர்தான் எனக்கு வலதுகை. அவர் கடையில் கண்ணாடியை அறுக்கும்போது லாரி போனால் கோடு கோணிவிடும். "யானையும் நானும் ஒரே கட்சி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என்னோடு வந்தார். எல்லா இடத்திலும் நாங்கள் முன்னால் வைத்தது மேனேஜரைத்தான். பச்சைக் குழந்தை தூங்க முடியவில்லை என்று சொன்னால் எந்த அதிகாரியும் உடனே பதில் சொல்லிவிட முடியாது.

கடைசியில் ஒரு பெண் பொறியாளர் சத்தத்தை அளக்கும் கருவியோடு வந்தார். கூடத்தின் நடுவில் முக்காலி போட்டு அதை நிறுத்தினார். மேனேஜர் பாயில் உட்கார்ந்து கருவியைத் தணிக்கை செய்துகொண்டிருந்தாள். லாரி போனது. கருவியின் எண் தாவியது, மேனேஜர் துள்ளினாள், பொறியாளரும் துள்ளினார்.

"அய்யோ, பாவம்" என்றார்.

அடுத்த லாரி வரும்போது மேனேஜர் என் இடுப்பில் இருந்தாள். சுவர்க் கடிகாரம் ஆடியது, பொறியாளர் காதைப் பொத்திக்கொண்டார், மேனேஜர் மட்டும் என் கம்மலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா தூக்கி வச்சிருந்தா பயமே இல்ல போல" என்று பொறியாளர் சிரித்தார்.

"நான் இருக்கும்போது என்ன பயம்?" என்றேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு வழியாக உத்தரவு வந்தது. பட்டையை எடுத்துவிட்டு, வீடுகளே இல்லாத இடத்தில், வளைவுக்கு வெகு முன்னாலேயே போட்டுக்கொள்வதென்றும், எங்கள் பக்கம் மின்னும் விளக்குப் பலகை வைப்பதென்றும் முடிவானது. சுரண்டும் மெஷின் வந்து பட்டைகளை ஒவ்வொன்றாக வழித்து எடுத்தது. வெள்ளைத் தூள் தெருவெல்லாம் பறந்தது. எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். வேலை முடிந்து முதல் லாரி சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனபோது கண்ணாடிக்கடைக்காரர் கை தட்டினார். தெருவே கை தட்டியது. மேல்மாடிக்கு அவரே இனிப்புப் பொட்டலத்தோடு ஏறி வந்து, "யானை ஜெயிச்சிருச்சு" என்று என் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கினார்கள். தங்கை அசையாமல் தூங்கினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் சின்ன வயதில் இருந்ததுபோல் இருந்தது.

மறுநாள் எனக்கு விடுமுறை. காலையில் நானும் தங்கையும் சமையலறை வாசலில் மேஜையைப் போட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். ஷிப்ட் முடிந்து வந்த அவள் கணவர் உள்ளே படுத்திருந்தார். மேனேஜர் கூடத்தின் நடுவில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு மரக்கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். தெரு அமைதியாக இருந்தது. எவ்வளவு அமைதியென்றால், தங்கை கத்தியை மேஜையில் வைத்த சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது.

அப்போது கீழே, தெருவில், டமார் என்று ஒரு சத்தம். வண்டியிலிருந்து பெரிய கண்ணாடிகளை இறக்கும்போது கயிறு நழுவி மொத்தமும் ரோட்டில் விழுந்து நொறுங்கியிருந்தது. அது பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் வெடிகுண்டு என்றுதான் நினைத்தேன். என் உடம்பு முழுக்கத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே உறைந்து நின்றோம். உள்ளேயிருந்து, "என்னது? என்னது?" என்று குரல் வந்தது.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல! கண்ணாடிதான் போச்சு!" என்று கீழேயிருந்து கண்ணாடிக்கடைக்காரர் கத்தினார்.

மேனேஜர் கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அந்தச் சின்ன முதுகு அசையக்கூட இல்லை.

"பார்றா, என்ன தைரியம்!" என்று நான் சிரிக்க ஆரம்பித்தேன். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் வெளிறிப்போயிருந்தாள். அலமாரியிலிருந்து இரண்டு பாத்திர மூடிகளை எடுத்தாள். பூனை நடையில் பின்னால் போய், குழந்தையின் தலைக்கு மேலே கையைத் தூக்கி, இரண்டையும் ஓங்கி அடித்தாள். என் காது கூசியது.

மேனேஜர் கரண்டியை வாயிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

தங்கை மறுபடி அடித்தாள். மறுபடி. "இன்னும் என்னடி உடையுது?" என்று அவள் கணவர் உள்ளேயிருந்து கத்தினார். என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டவில்லை, உடம்புக்கு மட்டும் எட்டிவிட்டது. "மேனேஜர்!" என்று கத்தினேன். பேருந்து நிலையத்தின் கடைசி நடைமேடைவரை கேட்கும் குரல். தெருவில் கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். அவள் திரும்பவில்லை.

நான் மேஜையை விட்டு அவளை நோக்கி ஓடினேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன், சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்பாடா என்று எனக்கு உயிரே திரும்பி வந்தது. எழுந்து வந்து வாசற்படியில் நின்ற தங்கையின் கணவரும் பார்த்துவிட்டார். "அதான் திரும்புறாளே, எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்றார்.

"நீங்க அங்கேயே நில்லுங்க. ஒரு எட்டுகூட வைக்காதீங்க" என்றாள் தங்கை. அவள் அப்படி உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. முதலில் என்னைச் சமையலறை வாசலுக்கே திரும்பப் போகச் சொன்னாள். பிறகு குழந்தையை மெல்லத் தூக்கிச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள். ஜன்னல் கதவைச் சாத்தினாள், நிழல் எதுவும் விழக்கூடாது என்று.

"அக்கா, அங்கிருந்தே கூப்பிடு. காலை அசைக்காத."

கூப்பிட்டேன். முதலில் மேனேஜர் என்றேன். பிறகு கண்ணே என்றேன், செல்லமே என்றேன், என் தொண்டை கிழியும்வரை கூப்பிட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த குழந்தை பலகையின் விரிசலை விரலால் நோண்டிக்கொண்டிருந்தது.

"இப்போ வாயைத் திறக்காத. சும்மா நட."

எனக்கு நடக்க மனசில்லை. அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் தெரியாமலேயே போய்விடும் என்று தோன்றியது. தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு என் கனத்த காலை எடுத்து வைத்தேன். ஒன்று. இரண்டு.

மேனேஜர் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு. என் குரலுக்கென்று இத்தனை மாதமும் நான் டிப்போ முழுக்கச் சொல்லித் திரிந்த அதே சிரிப்பு.

"ஆனா லாரி..." என்றார் தங்கையின் கணவர். "லாரி சத்தத்துக்கு எகிறுவாளே?"

"லாரி வந்தா தரை ஆடும்ல" என்றாள் தங்கை. "தரை ஆடினதுக்குத்தான் எகிறியிருக்கா."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பொறியாளர் வந்த அன்று என் இடுப்பில் அவள் கம்மலைத் திருகிக்கொண்டிருந்தது என் கண்முன் வந்தது. தரையில் இருந்தால் துள்ளுவாள், இடுப்பில் இருந்தால் துள்ள மாட்டாள். எல்லோர் கண்ணெதிரிலும் நடந்ததை எல்லோரும் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சத்தம் உள்ளே நுழையாதபடி பஞ்சு வைத்துத் தைத்த சுவர், கனத்த கம்பளம் விரித்த தரை. அந்த அறையில் மேனேஜரின் தலையில் ஒயர்களை ஒட்டினார்கள். பால் குடித்துவிட்டுத் தங்கையின் மடியில் அவள் தூங்கிப்போனாள். காது பரிசோதிக்கும் அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். திரையில் கோடு எழும்பவே இல்லை. எந்த இடத்தில் எழும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் உதட்டை மடித்துக்கொண்டதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"ரெண்டு காதும்" என்றார் மெதுவாக. "பிறந்ததிலிருந்தே கேட்டிருக்காது."

தங்கை தலையை ஆட்டினாள். அழவில்லை.

"இவ்வளவு நாள் உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"எங்க வீட்டு முன்னாடி ரோட்ல பட்டை போட்டிருந்தாங்க" என்றாள் தங்கை. நான்தான் மீதியைச் சொன்னேன். மரத்தரை, வெறும் லாரி, நர்ஸின் போன், என் நடை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த வீட்ல இருந்திருந்தா நானே ஏமாந்திருப்பேன்" என்றார். "எடுத்துட்டாங்களா அதை?"

"நேத்து எடுத்தாங்க. இவ தூங்கணும்னு நாங்கதான் போராடி எடுக்க வச்சோம்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. இவள் தூங்க வேண்டும், இவளுக்கு அமைதி வேண்டும் என்று நான் கத்தாத அலுவலகம் இல்லை, ஏறாத படி இல்லை. வெளியிலிருந்து அவளிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது அந்த ஒன்றுதான். அதைத்தான் சுரண்டி எடுக்க வைத்துவிட்டுக் கை தட்டியிருக்கிறேன். நாற்காலியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லதுக்குத்தான் எடுத்தீங்க" என்றார் அந்த அம்மா, என் முகத்தைப் பார்த்து. "இன்னும் ஒரு வருஷம் அது இருந்து, நீங்க இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா ரொம்பக் கஷ்டம். இப்போ வழி இருக்கு." முதலில் காதுக்குக் கருவி வைத்துப் பார்ப்போம், போதவில்லையென்றால் ஆபரேஷன், பிறகு பேச்சுப் பயிற்சி, பொறுமை வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கையின் கணவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். எதுவும் அவர் மண்டையில் ஏறியிருக்காது. என் மண்டையிலும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஆகவில்லை. தெருவில் கண்ணாடித் தூளைக் கூட்டி ஓரமாகக் குவித்திருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே வேலையாக இருந்தார். அவரிடம் எதையும் சொல்லும் தெம்பு எங்களுக்கு இல்லை, நேராக மாடி ஏறினோம். மேனேஜரைக் கூடத்தில் உட்காரவைத்தோம். வெளியே ஒரு லாரி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மேனேஜர் உள்ளங்கையைத் தரைப்பலகையில் வைத்தாள். எடுத்தாள். வேறொரு பலகையில் வைத்தாள். புருவத்தைச் சுருக்கி ஜன்னல் பக்கம் பார்த்தாள். முந்தின நாளும் இதையேதான் செய்துகொண்டிருந்தாள், விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தோம். என்னால் பார்க்க முடியவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

தங்கை அழவில்லை. குழந்தைக்குப் பின்னால், அறையின் மறுகோடியில் நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிள்ளை விழித்துவிடக்கூடாது என்று இத்தனை மாதமும் நுனிக்காலில் நடந்தவள், ஒரு காலைத் தூக்கி, பலகை அதிர ஓங்கி மிதித்தாள்.

மேனேஜர் திரும்பினாள். சிரிப்பை வாயில் தயாராக வைத்துக்கொண்டுதான் திரும்பினாள். அம்மாவைத் தாண்டி வாசலைப் பார்த்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள். என்னைத்தான் தேடினாள். அந்த அதிர்வுக்கு அவள் அறிந்திருந்தது நான் மட்டும்தான். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலை அசைக்காமல் நின்றேன்.

தங்கை மறுபடி மிதித்தாள். இந்த முறை குழந்தை அவள் காலைப் பார்த்தது. காலிலிருந்து மெதுவாக மேலே பார்த்துக்கொண்டே போய் முகத்தில் வந்து நின்றது. புருவம் விரிந்தது. பிறகு வாயெல்லாம் திறந்து, என்னைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பைச் சிரித்தாள்.

தங்கைக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. துடைக்கக்கூட இல்லை. மிதித்தாள், மிதித்தாள், அறையைச் சுற்றி மிதித்துக்கொண்டே நடந்தாள். மேனேஜர் உட்கார்ந்த இடத்திலேயே அவளோடு சுற்றிச் சுற்றித் திரும்பினாள். தட்டுகள் ஆடின.

கீழேயிருந்து கழி டொக் டொக் என்று இடித்தது.

"ஏம்மா! ரோட்டுச் சத்தம் நின்னுச்சேன்னு நேத்துதான் சந்தோஷப்பட்டேன். இப்போ நீங்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

கழி இடித்த இடத்துக்கு நேர் மேலே மேனேஜர் சட்டென்று குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் அழுத்தி வைத்துக்கொண்டு, அங்கே யார் என்பதுபோல் பார்த்தாள். தங்கை நின்றாள். மாடிப்படிக்கு ஓடிப்போய், என் குரலே தோற்றுப்போகும்படி கத்தினாள்.

"அண்ணே, இன்னொரு தடவை இடிங்க!"